மாமரம் மட்டும் பிழைத்தது

"கடைசியா என்ன பேசினாரு அக்கா?"

காலை ஒன்பதரை மணிக்கு அறந்தாங்கியிலிருந்து வரும் போன் அது. இருபது நாளாக ஒரு நாள் தவறவில்லை. கேள்வியும் மாறவில்லை.

பதிலும் மாறவில்லை.

"என்கிட்ட பேசவே இல்லம்மா," என்றாள் கமலம். "தீப்பிடிச்சதே எனக்கு அப்புறமாத்தான் தெரியும்."

மறுமுனையில் சரத்தின் மனைவி மூக்கை உறிஞ்சினாள். கையில் குழந்தை போலிருக்கிறது, ஏதோ சிணுங்கியது. "சரிக்கா. ஏதாவது சொல்லியிருப்பாரோன்னுதான் கேட்டேன். வச்சிடறேன்."

போனை மேஜையில் வைத்த கமலத்தின் கை தானாக வேலைக்குத் திரும்பியது. மாவிலையை எடு, காம்பை மடி, சரட்டில் வை, ஸ்டேப்ளரை அழுத்து. டக். அடுத்த இலை. டக். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் இருபத்திரண்டு வருடமாகத் தோரணம் விற்கிறாள். வலது கட்டைவிரலில் ஸ்டேப்ளர் அழுத்தி அழுத்தி ஒரு காய்ப்பு, சின்னப் புளியங்கொட்டை அளவுக்கு.

சரத் பேசியிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவன் ஊர்க்கோடி கிராஞ்சியிலிருந்து கூப்பிட்டான். அங்கே இருந்த அவளுடைய நர்சரித் தோட்டத்தில் அவனும் சக்தியும்தான் வேலைக்காரர்கள். மூன்று வாரமாக மழை இல்லை. "அக்கா, பக்கத்து காலி நெலத்துல லாலாங் புல்லு எரியுது. காத்து நம்ம பக்கம்தான். பெருசா வருது. என்ன செய்ய?"

கடை முழுக்க ஆட்கள் நின்ற நேரம் அது. ஒரு கையில் ஸ்டேப்ளர், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அவள் சொன்னாள்: "வெளில நிக்காதீங்கடா! ரெண்டு பேரும் ஸ்டோருக்குள்ள போய் கதவைச் சாத்திக்கோங்க. சிமெண்ட் சுவரு, ஒண்ணும் ஆகாது. ஃபயர் எஞ்சின் வர்ற வரைக்கும் அசையக் கூடாது."

நாற்பத்தோரு விநாடி. அவ்வளவுதான் பேச்சு.

சரத் உள்ளே போனான். சக்தி போகவில்லை. சரத்தின் உடலைத் தீயணைப்புக்காரர்கள் கதவுக்கு இரண்டடி உள்ளே கண்டெடுத்தார்கள். மாமரத்தடியில் தண்ணீர்ப் பைப்பைப் பிடித்தபடி நின்றிருந்த சக்திக்கு முழங்கை ரோமம் கருகியது. வேறொன்றுமில்லை.

ஒருத்தன் செத்து ஒருத்தன் பிழைத்தால் ஊர் பிழைத்தவனைத்தான் பார்க்கும். போலீசும் பார்த்தது. கமலம் அதற்கு ஒரு கை கொடுத்தாள். "அந்த மாமரத்தடியில ஒரு கல்லை நட்டு வச்சு முனீஸ்வரன்னு கும்பிடுவான் சார். வெள்ளிக்கிழமை தவறாம வெளக்கு. நூறு தடவை சொல்லியிருக்கேன், கேக்க மாட்டான்."

விளக்கேற்றுவது உண்மை. நூறு தடவை சொன்னதுதான் பொய். எண்ணெயும் திரியும் அவள் கடையிலிருந்தே மாதாமாதம் போனது.

இப்போது சக்தியின் பாஸ்போர்ட் போலீசிடம் இருக்கிறது. ஆள் வெளிநாட்டுத் தொழிலாளர் டார்மிட்டரியில் முடங்கிக் கிடக்கிறான். விளக்குதான் காரணம் என்று முடிவானால் சரத்தின் சாவு அவன் தலையில் விழும். ஜெயில் நிச்சயம். விளக்கு இல்லையென்றால்?

அதற்கு மேல் யோசிக்கக் கமலம் தன் மனதை விடவில்லை.

"என்ன கமலம், கடையைத் தொறந்து வச்சுட்டுக் கனவா?"

கேலாங் ரத்தினம்மா. சிவன் கோயிலுக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருப்பவள். கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை, அதற்குள் சருகாகிப் போன பொங்கல் தோரணம்.

"இந்தா பிடி. வாசல்ல கட்டினது, சாமி சாமான். குப்பைக் குழாய்ல போட மனசு வரல லா. ஆத்துல விட்டா ஃபைன் போட்டுத் தீட்டிடுவான். வழக்கம் போல நீயே பாத்துக்க."

"குடுங்கக்கா. மரத்தடிக்குத்தான் போகும்."

எல்லோரிடமும் சொல்வது போலவே சொன்னாள். புதுத் தோரணம் வாங்க வருபவர்களிடம் பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் யோசனை அவளுடையதுதான். மாவிலை மரத்துக்கே எருவாகத் திரும்பும், சாமி குற்றம் இல்லை. லிட்டில் இந்தியாவில் வேறெந்தக் கடையிலும் இல்லாத சேவை. அதற்காகவே தூரத்துத் தெம்பனீசிலிருந்தும் ஈசூனிலிருந்தும் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பையை மேஜைக்கடியில் தள்ளியபோது போன் மறுபடி அடித்தது.

"மிஸஸ் கமலமா? நான் இளமதி. உங்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின ஃபயர் இன்வெஸ்டிகேட்டர். பதினோரு மணிக்கு கிராஞ்சி வர முடியுமா? ஒரு சின்ன சந்தேகம்."

*

டாக்சி டிரைவர் நர்சரி வாசலில் நிறுத்திவிட்டு ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "அடேயப்பா!" என்றவர் காசை வாங்கிக்கொண்டு வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்.

ஸ்டோர் நின்ற இடத்தில் நான்கு கறுத்த சுவர்கள். ஜிங்க் கூரை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து உள்ளே விழுந்திருந்தது. அங்கிருந்து பன்னிரண்டு தப்படி தள்ளி மாமரம் நின்றது. ஒரு பக்கக் கிளைகளில் இலைகள் கருகிச் சுருண்டிருந்தன. மறுபக்கம் முழுக்கப் பச்சை. நடு உச்சியில் செம்பு நிறத்தில் புதுத் துளிர்.

கமலம் துளிரையே பார்த்தாள். இவ்வளவு வெட்கமில்லாமல் துளிர்க்க வேண்டுமா இந்த மரம்?

"வாங்கக்கா."

அவள் திடுக்கிட்டாள். மரத்தடியில் சக்தி நின்றிருந்தான். மெலிந்து போயிருந்தான். கண்ணை நிமிர்த்தாமல் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"நான்தான் டார்மிட்டரில சொல்லி வரவழைச்சேன்," என்றபடி சுவருக்குப் பின்னாலிருந்து வந்தாள் இளமதி. முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் உயர பூட்ஸ், கையில் ஒரு தோட்டக்காரக் கத்தி, முகத்தில் கரி. "பூட்ஸைப் பாத்து எங்கம்மாவே என்னை எலி பிடிக்கிறவன்னுதான் சொல்வாங்க. உட்காருங்க மேடம்."

கமலம் உட்காரவில்லை. "என்ன சந்தேகம்?"

"மரம் ஏன் எரியல?"

"பச்சை மரம். எரியாது."

"கரெக்ட். ஆனா சிமெண்ட் சுவரும் எரியாது, ஜிங்க்கும் எரியாது. எரியாத கட்டடம் ஒரு மணி நேரம் எரிஞ்சிருக்கு. இலையும் கட்டையுமா இருக்கிற மரம் நிக்குது. தலைகீழா இல்ல?"

கத்தி முனையால் மரப்பட்டையில் லேசாகச் சுரண்டினாள். கறுப்பு, நகக்கனத்துக்கு மேல் இல்லை. அதற்கடியில் பழுப்பு. அதற்கும் அடியில் ஈரமான பச்சை.

"தொட்டுப் பாருங்க. தண்ணி டேங்குக்குக் கோட்டு மாட்டி விட்ட மாதிரி. இது எரியணும்னா முதல்ல உள்ள இருக்கிற தண்ணி பூரா ஆவியாப் போகணும். லாலாங் தீக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. காகிதம் எரியற மாதிரி வந்துச்சு, நாலு நிமிஷத்துல தின்னுட்டுப் போயிடுச்சு. மரம் சூடாகறதுக்குள்ள தீ முடிஞ்சு போச்சு."

"அந்தத் தீயே இவன் வெளக்குலேருந்து..."

"இங்க பாருங்க."

மரத்தடியில் முழங்கால் உயரக் கல். மஞ்சள் துணி கருகி ஒட்டியிருந்தது. கல்லின் முன்னால் அகல் விளக்கு, விரிசல்கூட இல்லாமல். அதைச் சுற்றி மரத்தை வளைத்து ஒரு பெரிய வட்டம், வெறும் செம்மண். வட்டத்துக்கு வெளியேதான் கரி.

"வெள்ளிக்கிழமை காலைல பெருக்கிட்டுத்தான் மேடம் ஏத்துவேன்," என்றான் சக்தி. "ஒரு சருகு கூட இருக்கக் கூடாது. எட்டு மணிக்குக் குளிர வச்சிடுவேன்."

"இவர் பெருக்கினதாலதான் மரமே பிழைச்சிருக்கு. அடில சருகு குவிஞ்சிருந்தா தீ இங்கேயே உட்கார்ந்து வேரை வேக வச்சிருக்கும். இவர் பைப்பைப் புடிச்சுட்டு நிக்க ஈரமா ஒரு இடமும் கெடைச்சிருக்காது."

கமலம் விடவில்லை. "சுருட்டு? முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைப்பானே!"

முதல் தடவையாகச் சக்தியின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "பத்த வைக்காத சுருட்டுதாங்க்கா. இங்க சிகரெட்டு விக்கிற விலைக்கு, சாமியையே அந்தப் பழக்கத்தை விட்டுடச் சொல்லிட்டேன்."

இளமதி சிரிக்கவில்லை. காலி நிலத்தின் பக்கம் கையை நீட்டினாள். "தீ ஆரம்பிச்சது அங்க, ரோட்டோரம். இருநூறு மீட்டர் தள்ளி. எவனோ வண்டிலேருந்து எதையோ வீசிட்டுப் போயிருக்கான். பாதி எரிஞ்ச தண்டு சாய்ஞ்சிருக்கிற பக்கம் அதைத்தான் சொல்லுது. விளக்கு இல்ல மேடம். அதுல சந்தேகமே இல்ல."

சக்தி கண்ணை மூடிக்கொண்டான். கமலத்துக்கு நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவள் இன்னும் முடிக்கவில்லை.

"அப்ப ஸ்டோர் எப்படிப் பிடிச்சது?" இளமதி இப்போது சுவரை நோக்கி நடந்தாள். இரண்டு பேரும் பின்னால் போனார்கள். "சுத்திச் சரளைக்கல் போட்டிருக்கீங்க, நல்ல வேலை. லாலாங் தீ சுவர்கிட்டயே வரல. ஆனா காத்துல பொறி பறக்கும். மரத்து மேல நூறு விழுந்திருக்கும். பச்சை இலையில பட்டா அணைஞ்சு போயிடும். கட்டடத்துக்கு அந்த வசதி இல்ல. இதோ, சுவருக்கும் கூரைக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி, காத்துக்காக விட்டிருக்கீங்க. ஒரே ஒரு பொறி இது வழியா உள்ள போனா போதும். கூரைக்கடியில காய்ஞ்ச சாமான் ஏதாவது இருக்கணும், அவ்வளவுதான்."

அவள் நின்றாள். திரும்பி, கருகிய கிளைகளைக் காட்டினாள்.

"அதனாலதான் மரத்துக்கு ஸ்டோர் பக்கம் மட்டும் காயம். மரத்துலேருந்து தீ ஸ்டோருக்கு வரல மேடம். ஸ்டோர் எரிஞ்ச சூட்டுலதான் மரம் வெந்துச்சு."

பூட்ஸுக்குப் பக்கத்திலிருந்த பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். அதிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளிக் கமலத்தின் உள்ளங்கையில் கொட்டினாள்.

சின்னச் சின்னக் கம்பித் துண்டுகள். வெந்து கறுத்து, ஒன்றோடொன்று சிக்கி.

"சாம்பல்ல சலிச்சேன். ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கு, எல்லாம் கூரைக்கடிப் பரண் இருந்த இடத்துல. ஸ்டேப்ளர் பின். ஆயிரக்கணக்குல. மூணு நாளா மண்டையைப் பிய்ச்சுக்கிட்டேன், பூச்செடி நர்சரிக்கு இத்தனை ஸ்டேப்ளர் பின் எதுக்குன்னு. ஆபீஸ் ஏதாவது நடத்தினீங்களா?"

கமலம் உள்ளங்கையைப் பார்த்தாள். கட்டைவிரல் காய்ப்பு திடீரென்று சுட்டது.

ஒவ்வொரு பின்னும் ஓர் இலை. ஒவ்வோர் இலையும் இதோ இந்த மரத்தில் பறித்தது. மரத்தில் இருந்தபோது நெருப்பை அணைத்திருக்கும் இலை. அவள் பறித்து, மடித்து, பின் அடித்து விற்று, ஊர் முழுக்க வாசலில் தொங்கிக் காய்ந்து, பயபக்தியோடு அவளிடமே திரும்பி வந்த இலை. முன்பெல்லாம் மரத்தடிக்குத்தான் போயிற்று. போன வருடம் கொசு இன்ஸ்பெக்டர் வந்து குவியலைப் பார்த்து முகம் சுளித்ததும் கமலம் சொன்னாள்: "மூட்டை கட்டி ஸ்டோர் பரண்ல போட்டு வைங்கடா, அப்புறம் பாத்துக்கலாம்." அந்த அப்புறம் வரவேயில்லை. தீபாவளி மூட்டை, பொங்கல் மூட்டை, கல்யாண மண்டப மூட்டை. பரண் நிறைந்து கூரையைத் தொட்டது. அதற்கு நேர் கீழேதான் சரத்தைப் போய் உட்காரச் சொன்னாள். கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னாள்.

"தோரணம்," என்றாள் இளமதி மெதுவாக. அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. "நேத்து எங்க வீட்டுக் கதவைத் திறக்கும்போது தலைல இடிச்சுச்சு. காய்ஞ்ச மாவிலை. பின்னைப் பாத்ததும் புரிஞ்சு போச்சு. எங்கம்மாவும் பழசைக் கடையில திருப்பிக் குடுக்கிறவங்கதான். கேம்பல் லேன்ல."

சாலையில் ஆட்களை ஏற்றிய லாரி ஒன்று போயிற்று. இளமதி கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"என் ரிப்போர்ட் இன்னிக்குச் சாயங்காலம் போலீசுக்குப் போகும். ரெண்டு கட்டம் காலியா இருக்கு. ஒண்ணு, மூட்டையைப் பரண்ல வச்சது யாரு?"

"நான்தான் மேடம்," என்றான் சக்தி.

"யார் சொல்லி?"

சக்தி காலால் ஒரு கரித்துண்டை ஓரமாகத் தள்ளினான்.

"யாரும் சொல்லல. நானேதான் வச்சேன்."

கமலம் அவனைப் பார்த்தாள். அவன் தரையைத்தான் பார்த்தான். பேனா ஓடியது. இப்போது ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கடை பிழைக்கும். நாளைக் காலை ஒன்பதரைக்கு அதே பதிலைச் சொல்லலாம்.

"ரெண்டாவது. நீங்க வெளில மரத்தடியில நின்னீங்க. சரத் ஏன் உள்ள போனார்? தீ வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணா இருந்திருக்கீங்க. அவர் மட்டும் எதுக்குக் கட்டடத்துக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டார்?"

சக்தி நிமிர்ந்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கமலத்தை நேருக்கு நேர் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இல்லை. சும்மா காத்திருக்கிற பார்வை.

"தெரியல மேடம்," என்றான், அவளைப் பார்த்தபடியே.

இவனுக்குத் தெரியும்!

கமலத்தின் கையிலிருந்த பின்கள் சரளைக்கல்லில் சிதறின.

"பொய் சொல்றான்," என்றாள். குரல் தன்னுடையது போலவே இல்லை. "ரெண்டுமே பொய். பரண்ல வைக்கச் சொன்னது நான். உள்ள போகச் சொன்னதும் நான்."

போனை எடுத்தாள். அழைப்புப் பட்டியலைக் கீழே கீழே தள்ளினாள். அழிக்க எத்தனையோ தடவை விரல் போயிருக்கிறது. அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை, இரண்டு ஐம்பத்திரண்டு, சரத், நாற்பத்தோரு விநாடி. இளமதியிடம் நீட்டினாள்.

இளமதி வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "ஆண்ட்டி," என்றாள். அதுவரை மேடம் என்றவள். "இதை எழுதினா உங்க மேல கேஸ் வரும். முதல் வாக்குமூலத்துல பொய் சொன்னதுக்குத் தனியா வரும்."

"எழுதும்மா."

பிறகு சக்தியிடம் திரும்பினாள். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தான்க்கா." அவன் கருகிய வாசலைப் பார்த்தபடி சொன்னான். "நீங்க ரெண்டு பேரையும்தான் போகச் சொன்னீங்க. உள்ள வேணாம், பைப்புல தண்ணி வருது, மரத்தடியில ஈரத்துல நிப்போம்னேன். கையைப் புடிச்சு இழுத்தேன். 'அக்கா சொல்லிட்டாங்கடா'ன்னு உதறிட்டு ஓடினான்."

கமலம் சுவரைப் பிடித்தாள். கை முழுக்கக் கரி.

"இதை ஏன்டா போலீஸ்ல சொல்லல? உன்னை உள்ள தள்ளியிருப்பாங்களே!"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். தெனமும் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு போய் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்த விளக்குமாற்றை எடுத்து, உதிர்ந்திருந்த கருகிய இலைகளை வட்டத்துக்கு வெளியே பெருக்கித் தள்ள ஆரம்பித்தான். அன்று வெள்ளிக்கிழமை என்பதே அப்போதுதான் கமலத்துக்கு உறைத்தது. அவன் அதற்குப் பிறகு அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

சனிக்கிழமை. பத்தரை மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

கடையைத் திறக்கவில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் கமலம். மேஜையில் ஸ்டேப்ளர் கிடந்தது. மேஜைக்கடியில் ரத்தினம்மாவின் சிவப்புப் பை. காலால் தெரியாமல் அதைத் தொட்டபோது உள்ளே சருகு சரசரத்தது. காலை இழுத்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது.

இன்று எடுக்காமல் விடலாம். போலீஸ் சொல்லட்டும், பேப்பரில் வரட்டும், யார் மூலமாகவாவது அறந்தாங்கிக்குப் போய்ச் சேரட்டும். நான்கு தடவை அடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவதில் எடுத்தாள்.

"அக்கா, நான்தான். தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. கடைசியா அவரு..."

"பேசினாம்மா."

"யார்கிட்டக்கா?"

"என்கிட்டதான் பேசினான். உன்கிட்ட இத்தனை நாளும் பொய் சொல்லிட்டேன். தீ வருது அக்கா, என்ன செய்யன்னு கேட்டான்."

குழந்தையின் சிணுங்கல் தூரத்தில் கேட்டது. அதை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

"கேட்டாரா?" அந்தக் குரலில் இன்னும் மரியாதை மிச்சமிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான். "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கக்கா?"

கமலம் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், அன்று சொன்ன மாதிரியே சொன்னாள். நாற்பத்தோரு விநாடிகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அறந்தாங்கியிலிருந்து எழுந்த சத்தத்தை அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.